ஒரே ஒரு ‘ரீ’

நகரத்து ஆற்றங்கரையிலிருந்து எங்களை லாரிகளில் ஏற்றி, இருபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்து, ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக நின்ற கட்டிடங்களில் இறக்கிவிட்ட எட்டாவது வருடத்தில், பதினேழாம் பிளாக் இரண்டாம் மாடியில், ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்த கோமளாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ரீ என்றால் திரும்ப, ரீ என்றால் மறுபடி, ரீ என்றால் திரும்ப என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்த அவள் மகள் இன்பவல்லியின் வாயிலிருந்து புளியங்கொட்டை அளவில் ஒன்று விழுந்து, சிமெண்ட் தரையில் உருண்டு, அரிசி டப்பாவில் முட்டி நின்றது.

“வாயத் தொறடி. எந்தப் பல்லு?” என்றாள் கோமளா.

“பல்லு இல்லம்மா. இது ரீ.”

கோமளா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதை எடுத்துக் கழுவினாள். பழுப்பாக, வழவழப்பாக, லேசான சூட்டோடு இருந்தது. ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, பொங்கிவிடப் போகிற ரசத்தை இறக்கப் போனாள்.

நான் லோகநாதன். அதே பிளாக்கில் தரைத்தளம், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். இதை நம்பு என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. எங்கள் பிளாக் லிஃப்ட் ஒரு நாள் முழுக்க ஓடியது என்று சொன்னாலும்தான் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் ஓடியது, நான் ஏறியிருக்கிறேன்.

கோமளா நகரத்தில் ஓர் அபார்ட்மெண்டில் மூன்று வீடுகளுக்கு வேலை செய்கிறாள், விடியற்காலை பஸ் பிடித்தால்தான் போய்ச் சேர முடியும். மூன்றாவது வீட்டில் பழைய பேப்பர் கட்டோடு போடுவதற்கு வைத்திருந்த ஒரு கைடைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். மலைமேல் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது, அதில் ஆறாம் வகுப்பில் சேர நுழைவுத் தேர்வு வைக்கிறார்கள், தேறிவிட்டால் பன்னிரண்டாம் வகுப்பு வரை சோறு, துணி, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்தத் தேர்வில் ஒத்தபொருள் சொல் என்று இங்கிலீஷில் முப்பது கேள்வி. ஆயிரம் வார்த்தையை மனப்பாடம் செய்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே, வார்த்தைக்கு முன்னால் ஒட்டியிருக்கிற துண்டைப் படித்துக்கொள், மிச்சம் தானாக விளங்கும் என்றது கைடு. அந்தத் துண்டுகள் லத்தீன் என்றும் போட்டிருந்தது.

“அந்தப் பாஷய எங்க பேசுறாங்க?”

“இப்ப யாரும் வீட்ல பேசறதில்லயாம்மா.”

“யாருமே பேசாத பாஷையில எம்புள்ளைக்கு எதுக்குடி பரீட்ச?” என்று கோமளா சலித்துக்கொண்டாலும், இன்பா பாடம் சொல்லும்போது காது கொடுக்காமல் இருந்ததில்லை. ஒன்பதாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். ரிப்பேர் என்ற வார்த்தையும் அதே ரீயில்தான் வருகிறது என்று இன்பா சொன்னபோது, “ரிப்பேருன்னா கெட்டுப்போறது தான?” என்று கேட்டாள். டிவி ரிப்பேர், மோட்டார் ரிப்பேர், லிஃப்ட் ரிப்பேர் என்றுதானே நாங்கள் எல்லோரும் சொல்கிறோம். “இல்லம்மா, திரும்ப சரி பண்றது,” என்றாள் இன்பா. திரும்பச் சரி பண்ணுவதற்கு ஒரு வார்த்தை இருப்பதும், அதைத் தாங்கள் இத்தனை வருடம் கெட்டுப்போனதற்கு வைத்திருந்ததும் அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்ததாம்.

முன்னால் ஒட்டுகிற சமாசாரம் என்று மகள் சொன்னதால், கோமளா அந்த ரீயைக் கறுப்பு நூலில் கோத்து, திருஷ்டிக்குத் தொங்கவிட்டிருந்த கற்றாழைக்குப் பக்கத்தில் வாசல் நிலையில் கட்டினாள். மறுநாள், மூன்று வருடத்துக்கு முன்னால் இரவல் போன மிக்ஸி ஜாடி வந்தது. வாங்கிப் போனவள் நான்காம் மாடியிலிருந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இறங்கி வந்தாள். மாடியில் காயப்போட்டுக் காற்றில் பறந்துபோன பாவாடை வந்தது. ஆற்றங்கரையிலேயே விட்டுவிட்டு வந்த பூனை, வயசாகி, ஒரு காது கிழிந்து, அத்தனை தூரத்தையும் நடந்தே வந்து படியேறியது. இரண்டு நாள் கழித்து கோமளா நூலை அவிழ்த்துவிட்டாள். அவள் புருஷன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. செத்தவர்களிடம் அது செல்லாது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு இரண்டு நாள் தேவைப்பட்டது என்பது என் ஊகம், கேட்டதில்லை.

மிக்ஸி ஜாடி வந்த விஷயம் ஒரு மணி நேரத்தில் ஐந்து மாடிக்கும் தெரிந்துவிட்டது. படிக்கட்டில் கூட்டம் போட்டோம். எங்களுக்கு ஹால் கிடையாது, எதைப் பேசுவதென்றாலும் படிக்கட்டில் உட்கார்ந்துதான் பேசுவோம், கீழ்ப்படியில் இருப்பவன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பேச வேண்டும். ரீயை பிளாக்கின் கேட்டில் கட்டிவிட்டால் நாம் எல்லோரும் ஆற்றங்கரைக்கே திரும்பப் போய்விடலாம் என்று சிலர் கத்தினார்கள். அங்கே இப்போது விளக்கு போட்டு, புல் வளர்த்து, காலையில் ஷூ போட்டவர்கள் நடக்கிற பார்க் இருக்கிறது, போனால் பெஞ்சுக்கு அடியிலா படுப்பது என்று நான் கேட்டேன். அப்போது கோமளாவின் எதிர்வீட்டுக் கஸ்தூரி எழுந்து நின்றாள். கூட்டத்தில் வாயே திறக்காதவள்.

“எம்புள்ள முரளி போயி ஆறு வருசம் ஆவுது. அவன் உயிரோட கீறானான்னு கூட தெர்ல. எனக்குக் குடுப்பியா கோமளா?”

அதற்குப் பிறகு யாரும் ஆற்றங்கரையைப் பற்றிப் பேசவில்லை. கோமளா மேலே போய் எடுத்துவந்து, தன் கையாலேயே கஸ்தூரியின் வாசலில் கட்டினாள். ஐந்தாம் நாள் மத்தியானம் முரளி வந்தான், என் ஆட்டோவில்தான் வந்தான். தாடி, கையில் ஒரு பை, முப்பதைத் தொட்டவன் மாதிரி முகம், ஆனால் அவனுக்கு இருபத்தைந்துதான். எங்கேயிருந்தான் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மீன் குழம்பு வைத்தாள். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே வாசல் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், நாங்கள் படியேறி இறங்கும் சாக்கில் ஆளாளுக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனோம்.

அதன்பிறகு இன்பா ஒவ்வொரு துண்டாகப் படிக்கப் படிக்க ஒவ்வொன்றாக விழுந்தது. ஒன்றுக்கு ஒன்றுதான், எத்தனை தடவை சொன்னாலும் இரண்டாவது வராது. அவள் அதைக் காகிதத்தில் சுருட்டி, அம்மா படிப்பதற்காகத் தமிழில் பெயர் எழுதி, பழைய டிபன் பாக்ஸில் போட்டு வைப்பாள். யாருக்கு எது என்பதைப் படிக்கட்டில் பேசி முடிவு செய்வோம், தண்ணீர் லாரி வரும்போது குடங்களுக்கு முறை வைப்பது போலத்தான், அதே சண்டை, அதே ஏச்சு, கடைசியில் அதே சமாதானம். சப் என்றால் அடியில் என்றாள், அதை வறண்டுபோன போர் குழாய்க்கு முன்னால் கட்டினோம், நாற்பது அடியில் தண்ணீர் வந்தது. எக்ஸ் என்றால் வெளியே என்றாள், அதைத் தரைத்தளத்து நடையில் கட்டினோம், மழைக்குத் தேங்கி நின்ற சாக்கடை, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு வெளியே போயிற்று. டிரான்ஸ் என்றால் குறுக்கே கடப்பது என்றாள், அதைப் பெரிய ரோட்டோரம் கம்பத்தில் கட்டினோம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலை வைத்ததும் கன்டெய்னர் லாரிகூட நின்றது. டிஸ் என்றால் பிரிந்து போவது என்றாள், அதை வீட்டில் வைக்கப் பயந்து எலி வளைக்கு முன்னால் போட்டோம், எலிகள் திசைக்கொன்றாய்ப் போய்விட்டன. ப்ரீ என்றால் முன்னாலேயே என்றாள், அது எனக்கு வந்தது. ஆட்டோ முகப்பில் எலுமிச்சம்பழத்தோடு கட்டிக்கொண்டேன். எங்கே போக வேண்டும் என்று சவாரிக்காரர்கள் யோசிக்கும் முன்னாலேயே நான் அங்கே போய் நின்றேன். பேர் ப்ரீ என்பதால் ஓசி சவாரி என்று நினைத்து ஏறிய நாலைந்து பேரோடு நான் போட்ட சண்டை தனிக்கதை.

எங்களுக்கெல்லாம் நல்லது நடந்தது. அந்தப் பிள்ளையின் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று ஒருத்தன் கேட்கவில்லை. நானும்தான்.

இனி சொல்லப்போவது கோமளா செய்த தப்பு. அதைத் தப்பு என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. ஒருநாள் அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் இன்பா ஒரு துண்டைப் படித்து, அது விழுந்து, சுருட்டி, ‘இன்’ என்று எழுதி டிபன் பாக்ஸில் வைத்துவிட்டாள். சாயங்காலம் கோமளா அதை எடுத்துப் படித்தாள். இன்சொல், இன்முகம், இன்னிசை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது எல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தது. இனிமை. அவள் மகளுக்கு அவளே தேடி வைத்த பேரும் அந்த எழுத்தில்தான் ஆரம்பிக்கிறது. எத்தனையோ பேர் வாசலுக்குக் கொடுத்தோம், இது ஒன்று நம் பிள்ளைக்கு இருக்கட்டும் என்று நினைத்தாள். மறுநாள் காலை, இரட்டைப் பின்னல் போட்டு முடித்ததும், கறுப்புக் கயிற்றில் கோத்து இன்பாவின் கழுத்தில், முன்பக்கமாகக் கட்டினாள்.

“இன்னாம்மா இது?”

“நல்லதுக்குத்தான். கம்முனு போ.”

கட்டிய நிமிஷமே இன்பாவுக்கு அதன் அர்த்தம் மறந்துபோனது. அதனால் தடுக்க அவளால் முடியவில்லை.

அன்றைக்கு என் ஆட்டோவில் பத்துப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். எண்ணினேன், ஒன்பது. சரி, ஒருத்தி லீவு என்று கிளம்பிவிட்டேன். ஓரத்தில் இன்பா உட்கார்ந்திருந்தாள் என்று பிறகு அவளே சொன்னாள். வகுப்பில் டீச்சர் வருகைப் பதிவில் அவள் பெயரைத் தாண்டிப் போனார். மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் தட்டை நீட்டினாள், அடுத்த தட்டில் விழுந்தது. நுழைவுத் தேர்வுக்கு அவள் பள்ளியிலிருந்து மூன்று பேர் விண்ணப்பித்திருந்தார்கள், இரண்டு ஹால் டிக்கெட் வந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, துரத்தவில்லை, எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இப்படி நான்கு நாள். இன்பா வாய் திறந்து கேட்டால்கூடக் கேள்வி பக்கத்தில் இருப்பவர் கேட்டதாகவே ஆனது.

நான்காம் நாள் சாயங்காலம் கோமளா வேலையிலிருந்து வந்து, சோறு வடித்து, ஒரு தட்டைப் போட்டு, சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். கவிழ்த்துவிட்டுத் திரும்பியபோது சுவரோரம் ஒரு பிள்ளை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதற்கு அவள் வாயெடுத்தாள்.

“அம்மா, எனக்கு?” என்றது பிள்ளை.

கோமளா போட்ட சத்தத்தில் நாங்கள் எல்லோரும் ஓடினோம். கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, மகளை மடியில் போட்டுக்கொண்டு, தலையில் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். இன்பா அம்மாவின் கையிலிருந்த அந்தக் கொட்டையை வாங்கி, என்ன நினைத்தாளோ, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டாள். விழுங்கியதும் அவள் முகம் தெளிந்தது.

“இன்னுன்னா இல்லன்னு அர்த்தம்மா. தமிழ் இன் இல்ல. லத்தீன் இன்.”

“நான் பாவி. உன்ன இல்லன்னு ஆக்கிட்டனே. பெத்தவளே இல்லன்னு ஆக்கிட்டனே.”

அந்த அழுகையை நான் மறக்கவில்லை. எத்தனையோ ஆபீஸ்களில் எத்தனையோ பட்டியல்களில் எங்கள் பெயர்களைத் தாண்டிப் போயிருக்கிறார்கள், அதற்கெல்லாம் அழாதவள் அவள்.

அழுது ஓய்ந்த பிறகுதான் கோமளாவுக்கு அடுத்தது உறைத்தது. கட்டினால் மறக்கிறது, விழுங்கினால் வருகிறது. “சப்புன்னா இன்னாடி?” என்று கேட்டாள். தெரியவில்லை. எக்ஸ்? தெரியவில்லை. டிரான்ஸ்? தெரியவில்லை. கைடைப் பிரித்துக் காட்டினாள். இன்பா எழுத்துக்கூட்டி வாசித்தாள், அர்த்தத்தையும் வாசித்தாள், பக்கத்தைத் திருப்பியதும் அது அவளிடம் நிற்கவில்லை. எங்கள் வாசல்களில் தொங்கியதெல்லாம் அவளிடமிருந்து போனவை. தேர்வுக்குப் பதினொரு நாள் இருந்தது. ஹால் டிக்கெட் மறுநாளே வந்துவிட்டது, எங்கேயோ சிக்கிக்கொண்டிருந்ததாம்.

கோமளா யாரிடமும் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. “குடுத்தது குடுத்தது தான்,” என்று மட்டும் சொன்னாள். அன்றைக்குப் படிக்கட்டில் யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மறுநாள் காலை நான்காம் மாடி மீன்காரம்மா டிஸ்ஸைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு தரைத்தளத்துக்காரர்கள், சாக்கடை திரும்ப நடையில் ஏறும் என்று தெரிந்தே, எக்ஸை அவிழ்த்தார்கள். போர் குழாய்க்காரர்கள் அன்றிரவுக்கு எல்லாக் குடத்தையும் நிரப்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு சப்பைக் கொடுத்தார்கள். நான் நான்காவது ஆள். முதல் ஆள் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் ஒரு நாள் முழுக்க ஆட்டோவைக் கோமளா கண்ணில் படாமல் பின்பக்கம் நிறுத்தி வைத்திருந்தேன். ஒவ்வொருவரும் கொண்டுவந்து டிபன் பாக்ஸில் போட, இன்பா ஒவ்வொன்றாக விழுங்கினாள். விழுங்கியது மறுபடி வெளியே வரவே இல்லை. டிரான்ஸை அவிழ்த்த பிறகு, பிள்ளைகளை ரோடு கடக்க வைக்க நாங்கள் காலையும் மாலையும் முறை போட்டு நின்றோம், இன்றைக்கும் நிற்கிறோம்.

மிச்சம் இருந்தது ஒன்று. கஸ்தூரி வரவில்லை.

அவள் கதவு சாத்தியே இருந்தது. உள்ளே முரளி சாப்பிடுகிற சத்தம், அவள் அவனோடு மெதுவாகப் பேசுகிற சத்தம் கேட்கும். அதற்குள் அவன் பக்கத்து கோடவுனில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தான். மீன்காரம்மா ஒரு நாள் எதிர்வீட்டைப் பார்த்து முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டபோது, கோமளா அவளை ஒரு பிடி பிடித்துவிட்டாள். “அத்த யாரும் கேக்கக் கூடாது. ஜாடை கூடப் பேசக் கூடாது. அவ புள்ளய அனுப்பிட்டு எம்புள்ள படிக்கணும்னு இல்ல.”

தேர்வன்று நான்தான் கூட்டிப் போனேன். வெளியே வந்த இன்பா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். “அஞ்சு கேள்வி உட்டுட்டேன் மாமா. அஞ்சும் ஒரே மாதிரி ஆரம்பிச்சிது. படிக்க வந்துச்சி, உள்ள போவல,” என்றாள். மிச்சம் இருபத்தைந்தும் சரி. இடம் கிடைத்துவிட்டது. பதினேழாம் பிளாக்கிலிருந்து அந்த மாதிரிப் பள்ளிக்குப் போன முதல் பிள்ளை. ஜூன் மாதம் ஒரு டிரங்குப் பெட்டியோடு அவளை பஸ் ஏற்றிவிட, கஸ்தூரியைத் தவிர பிளாக்கே வந்திருந்தது.

காலாண்டு லீவுக்கு எல்லாப் பிள்ளைகளும் மலையிலிருந்து இறங்கினார்கள். இன்பா வரவில்லை. கிளம்புகிற அன்றைக்கு அம்மை போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். தீபாவளிக்கு மண் சரிந்து, அவள் ஏற வேண்டிய பஸ் மட்டும் நின்றுபோனது. அரையாண்டுக்குக் கோமளாவே கூட்டிவரப் போனாள். பார்த்தாள், பேசினாள், தலை வாரிவிட்டாள், கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள், பஸ் ஏறி டிக்கெட் வாங்கித் திரும்பினால் கையில் பிள்ளை இல்லை. அவள் பள்ளிக்கூட கேட்டிலேயே பையோடு நின்றுகொண்டிருந்தாளாம். பிறகு ஒரு கடிதம் வந்தது, கோமளா அதை எனக்குக் காட்டினாள். ‘அம்மா, நான் நல்லா இருக்கேன், ரேங்க் மூணு. போறது, ஏறுறது, தாண்டுறது எல்லாம் எனக்குத் தெரியுது. வீட்டுக்கு வர்றது மட்டும் எப்படின்னு தெரியல. அழாதே.’

அவளுக்கு ரீ இல்லை. போகத் தெரிந்தது, திரும்பத் தெரியவில்லை. விஷயம் எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எதிர்வீட்டுக்கும் புரிந்திருக்கும், ஒரு செங்கல் சுவர்தானே நடுவில். ஏழு மாதம் கோமளா தன் கதவைத் திறக்கும்போதெல்லாம் எதிரே நிலைப்படியில் அது தொங்குவதைப் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போனாள். கைநீட்டினால் எட்டும். அவள் ஒரு நாளும் நீட்டவில்லை.

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது, காலையில், கோமளா கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது கஸ்தூரி கதவைத் திறந்தாள். நிலையில் கட்டியிருந்த நூலை அவிழ்த்து, அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். நான் பால் வாங்கிக்கொண்டு படியில் நின்றிருந்தேன், அப்படியே நின்றுவிட்டேன்.

“புடி. இன்பாவ முழுங்கச் சொல்லு.”

“முழுங்கிட்டா அது எப்பவும் வெளிய வராதுக்கா,” என்றாள் கோமளா. “முரளி?”

கஸ்தூரி கையை இழுத்துக்கொள்ளவில்லை. கோமளாவும் வாங்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கை நீட்டியபடியே இருந்தது.

“ஆறு வருசம் எனக்குத் தெரியும்டி,” என்றாள் கஸ்தூரி கடைசியில். “ஒவ்வொரு நாளும் எப்டிப் போவும்னு தெரியும். தெரிஞ்சிக்கினே ஏழு மாசம் உன்ன அதுல நிக்க வெச்சேன். எனக்கு மனசு வர்ல, இன்னா பண்ணச் சொல்ற? பெத்தவ தான நானும்.”

கோமளா கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “முழுங்க வேணா. அவளுக்குப் பொங்கலுக்குப் பத்து நாள் லீவு. பத்து நாள் எங்க வாசல்ல இருக்கட்டும். அப்பால உங்க வாசல்ல. லீவு வரப்ப எனக்கு, மத்த நாளு உனக்கு. தண்ணிக்கு முறை வெக்கல நாம?”

அப்படித்தான் முறை வைத்தார்கள். படிக்கட்டில் கூட்டம் போடாமல், யாரையும் கேட்காமல், இரண்டு பெண்கள் வாசலில் நின்று வைத்துக்கொண்ட முறை அது.

அன்றைக்கு மத்தியானமே முரளி பையை எடுத்துக்கொண்டான். வடக்கே ஒரு வேலை இருப்பதாகச் சொன்னான், ஊர் பெயர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கஸ்தூரி அவனுக்குப் புளிச்சோறு கட்டிக்கொடுத்தாள், கன்னத்தைத் தடவினாள், போகாதே என்று சொல்லவில்லை. நான்தான் பஸ் ஸ்டாண்டில் இறக்கினேன். அவன் இறங்கிய அதே இடத்தில், மலையிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து இன்பா இறங்கினாள், அரை அடி வளர்ந்து, பின்னலை ஒற்றையாக்கிக்கொண்டு. முரளி அவள் பெட்டியை வாங்கி என் ஆட்டோவில் வைத்தான்.

“நீ எங்கண்ணா போற?”

“தெரியல பாப்பா. எங்கம்மாவ அடிக்கடி போய்ப் பாரு,” என்றான்.

அந்தப் பொங்கலுக்கு கோமளா வேலைக்கு லீவு போட்டாள். அம்மாவும் மகளும் காலையில் ஒரே டம்ளரில் காபி ஆற்றினார்கள், மாடியில் துணி காயப்போட்டார்கள், மகள் வாயிலிருந்து இங்கிலீஷ் வார்த்தைகள் விழுந்தன, வெறும் வார்த்தைகளாக. இன்பா தினமும் எதிர்வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கஸ்தூரிக்குக் கதை சொல்லிவிட்டு வந்தாள். எண்ணிக்கொள்ள வேண்டாம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம், ஆனால் பிளாக்கே நாளை எண்ணியது.

ஒன்பதாம் நாள் காலை, இன்பா இன்னும் பாயில் இருக்கும்போதே, கோமளா தன் வாசல் நூலை அவிழ்த்து எதிர்வாசலில் கட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த கஸ்தூரி பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

“இன்னும் ஒரு நாள் கீதேடி உனக்கு.”

கோமளா முடிச்சை இறுக்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உம்புள்ள எவ்ளோ தூரத்துல கீறானோ. வந்து சேர ஒரு நாள் ஆவும்லக்கா.”